கனடா வரைக்கும் ஐஸ்

இன்னும் எட்டாயிரம் கிலோமீட்டர் கெடக்காம். ஞானவேல் அண்ணாச்சி இப்பத்தான் சொன்னாவ, பஸ் ஸ்டாண்டுல ஊர் பேரு சொல்லிக் கூப்பிடுத குரல்ல, தெரு வரைக்கும் கேக்கட்டும்னு. சொல்லிட்டு போனை எங்க வைக்காவ பாரு. ஐஸ் பெட்டிக் கண்ணாடி மேல, மாமா நெஞ்சுக்கு நேரா. போனுக்குள்ள பொடியா ஒரு விமானம் நீலத்துல ஊருது, அதுக்குக் கீழ மாமா நாடிக்கட்டோட மூக்குல பஞ்சோட கெடக்காவ. சீ. அந்தக் கண்ணாடிய விடியக்காலத்துல இருந்து நானும் தொடச்சிக்கிட்டேதான் இருக்கேன். தொடைக்கத் தொடைக்க மறுபடியும் எண்ணெய்க் கை. வடை தின்ன கை, பரோட்டா பிச்ச கை, எல்லாம் வந்து மாமா மூஞ்சிக்கு மேல அப்புது. குனிஞ்சு பாத்து ஒரு பெருமூச்சு, எந்திரிக்கப்போ பெட்டிய ஊனி ஒரு கைத்தடம். இந்த வீட்டு மாப்பிள்ளைன்னு பேரு, எங்க நாத்தனா ஜெயக்கனி மைனியக் கட்டுனவரு, செத்துப்போன மாமனார் மேல போனை வைக்கலாமான்னு ஒரு யோசனை கெடையாது. அந்தப் போனும் ஒரு பக்கம் மினுமினுன்னு பிசுக்கு. எடுங்க அண்ணாச்சின்னு வாய் வரைக்கும் வந்துட்டு. சொன்னா மைனி பாக்கும் ஒரு பார்வை. நான் முந்தானையால மூக்கத் தொடச்சிக்கிட்டு இருக்கேன். நேத்து மத்தியானம் மாமா கண்ண மூடுனாவ, சாயந்தரம் இந்தப் பெட்டி வந்துச்சு, அதுலருந்து இந்த வீட்டுல மாமாவப் பத்தி ஒருத்தரும் பேசல. எல்லாருக்கும் மாமாவோட மூத்த மகன், எங்க பெரியத்தான், கனடாவுலருந்து வார விமானத்தப் பத்தித்தான் பேச்சு. எங்க வந்துருக்கு, எத்தனை மணி நேரம், நடுவுல எந்த ஊர்ல எறங்கி ஏறணும், அங்க எவ்வளவு நேரம் சும்மா உக்காரணும். ஒரு கெழவி எங்கிட்ட வந்து, கனடா ராமேஸ்வரம் தாண்டியா இந்தாலயான்னு கேக்கா. அதுக்கும் அண்ணாச்சி போனை எடுத்துக் காட்டுதாவ.

பாவம் அந்தப் புள்ள, பச்சத்தண்ணி பல்லுல படாம வாரான்னு ஒருத்தி அழுதா. விமானத்துல சோறு குடுப்பாவன்னு எனக்குத் தெரியும், பெரியத்தானே போன தடவ வந்தப்போ சொன்னாவ, சின்னச் சின்னத் தட்டுல தகரத்தாள் மூடி. போன தடவன்னா ஆறு வருஷம் ஆச்சு. அப்ப மாமா நடந்துக்கிட்டு இருந்தாவ. பொறவு விழுந்து, இடுப்பு ஒடஞ்சு, கட்டில்லயே அஞ்சு வருஷம். அந்த அஞ்சு வருஷத்துக்கு யாரும் கிலோமீட்டர் சொல்லல. அடுப்படியிலருந்து மாமா கட்டிலுக்குப் பத்து எட்டு வருமா. அதை எவ போட்டு அளப்பா. தூரமா இருந்தா ஒரு மதிப்பு. பக்கத்துல கெடந்தா நாத்தம். இவிய, எங்க வீட்டுக்காரவிய, பெத்த புள்ள, அந்த ரூம் வாசல் தாண்டி உள்ள வந்ததில்ல. கைக்குட்டைய மூக்குல வச்சிக்கிட்டு நெலைக்கு வெளிய நின்னே, அப்பா சாப்பிட்டாச்சான்னு கேப்பாவ. சொர்ணம், எனக்கு ஓங்கரிக்கு, நான் என்ன செய்யட்டும்னு எங்கிட்டச் சொல்லுவாவ. எனக்கு மட்டும் ஓங்கரிக்காதா. முதல் ஒரு மாசம் கடைவாய்ல கிராம்ப அடக்கிக்கிட்டுத்தான் உள்ள போனேன். மலத்துணிய எடுத்துட்டு வந்து கொல்லையில வச்சுட்டு வாந்தி எடுத்துருக்கேன். மாமாவுக்குக் கேட்டுரக் கூடாதுன்னு கொழாயத் தொறந்து விட்டுட்டு எடுத்தேன். மாமாவுக்குக் கேட்டுருக்கும். மறுநாள் எம் மொகத்தப் பாக்காம செவுத்தப் பாத்தே கெடந்தாவ, மருமகளுக்கு இந்தக் கோலமான்னு அவியளுக்கு அவிய மேலயே அருவருப்பு. நாலு நாள் அப்படி. அஞ்சாம் நாள் நான்தான், மாமா இந்தப் பக்கம் திரும்புங்க, செவுத்துக்கா தொடச்சுவிட முடியும்னு அதட்டுனேன். சிரிச்சாவ. அதுக்குப் பொறவு ரெண்டு பேருக்கும் வெக்கமும் போச்சு, கிராம்பும் போச்சு. அவிய ஒடம்புல எந்த வீச்சம் எதுக்குன்னு எனக்கு அத்துப்படி. காய்ச்சல் வரதுக்கு முந்தி ஒரு புளிச்ச வாடை, புண்ணு வைக்கதுக்கு முந்தி ஒரு இனிச்ச வாடை. டாக்டர் வாரதுக்குள்ள நான் சொல்லிருவேன்.

இப்ப என்னடான்னா பெரியத்தானுக்கு மொகம் பாக்கணுமாம். விமானம் ஏறதுக்கு முந்தி கனடா ஏர்போர்ட்டுலருந்து வீடியோவுல வந்தாவ. பின்னால பளபளன்னு கடை, கண்ணாடி, எவளோ செண்டு விக்கா. யாரும் ஒண்ணும் செஞ்சிராதிய, நான் வந்து அப்பா மொகத்தப் பாக்கணும், போனைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு போங்க மச்சான்னாவ. அண்ணாச்சி போனைக் கண்ணாடியில ஒட்ட வச்சாவ. அப்பா என்ன இப்படி எளச்சுப் போய்ட்டாங்கன்னு அங்கருந்து ஒரு கேள்வி. அஞ்சு வருஷமா ஞாயித்துக்கிழம தவறாம வீடியோவுல மொகம் காட்டுனாவ மாமா. நான்தான் முதுகுக்கு ரெண்டு தலவாணி வச்சு, சட்டைய மாட்டி, தலை சீவி உக்கார வைப்பேன். அப்பா நல்லாருக்கீங்களா, நல்லாருக்கேன்யா, அங்கன குளிரா, ஆமாப்பா பனி. முடிஞ்சு போச்சு பேச்சு. பனின்னு கேட்டாலே மாமாவுக்கு மேல் சிலுத்துரும். போனை வச்ச பொறவு எங்கிட்டக் கேப்பாவ, அவன் எப்படிட்டி அந்த எழவெடுத்த குளுருல கெடக்கான்னு.

மாமாவுக்குக் குளுருன்னா ஆவாது. எப்படி ஆவும். பதினஞ்சு வயசுல தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்து ஐஸ் கம்பெனியில போய் நின்னவிய, கைகால் ஓடுன வரைக்கும் அங்கனதான். தண்ணி ஊத்துன தகரப் பெட்டி உப்புத்தண்ணித் தொட்டியில எறங்கி எறங்கி ஏறும், இறுகுன கட்டிய இழுத்து, ஒடச்சு, மீன்பிடிப் போட்டுக்கு ஏத்தணும். முழங்கால் வரைக்கும் எப்பவும் ஈரம். கால் வெரல்ல ரெண்டுக்கு உணர்ச்சியே கெடையாது, நகம் கறுத்து எரிஞ்ச திரி மாதிரி இருக்கும். சித்திரை வெயில்லயும் ஃபேன் போட விடமாட்டாவ. ஃபிரிட்ஜ் தண்ணிய வாய்ல வச்சதில்ல. நான் அந்த ரூம்ல வேர்த்து ஊத்திக்கிட்டே துணி மாத்துவேன், அவிய முழங்காலுக்குப் போர்வை கேப்பாவ. ராத்திரி வெளக்கெண்ணெயச் சூடாக்கி அந்தக் கால் ரெண்டையும் தேச்சுவிட்டாத்தான் கண் அசரும். அப்பத்தான் பேசுவாவ. அவியளுக்குத் தூரம்னா ஐஸ்தான். எந்தப் போட்டு எவ்வளவு தூரம் போவுதோ அவ்வளவு கட்டி ஏத்தணும், கொறஞ்சா மீனு கரைக்கு வந்து சேராது, அழுகிரும். கொச்சி வரைக்கும் இவ்வளவு ஐஸ், ராமேஸ்வரம்னா இவ்வளவு. ஒரு நாள் கேட்டாவ, சொர்ணம், பால்துரை கனடாவுலருந்து கெளம்புனா இங்க வந்து சேர எவ்வளவு நேரம் ஆவும். ஒரு நாள், ஒண்ணரை நாள் ஆவும் மாமான்னேன். கண்ண மூடிக்கிட்டுக் கணக்குப் போட்டாவ. அப்பம் ஒரு லோடு ஐஸு கரையுமேட்டின்னாவ. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அவிய சிரிக்கல. என்னை அதுல போட்டுராதிய, வாழ்நா பூரா ஐஸுல நின்னாச்சு, செத்த பொறவும் அதுல கெடக்க முடியாது, அன்னைக்கே எடுத்துருங்க, அவன் வந்தா வரட்டும் வராட்டிப் போறான்னாவ. நீ பாத்துக்கிடுவியான்னு கேட்டாவ. பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டேன். எண்ணெய்க் கையால அவிய காலத் தொட்டுக்கிட்டு சொன்னேன்.

நேத்து பெட்டி வாசல்ல வந்து எறங்கவும் நான் சொல்லத்தான் செஞ்சேன். இவியள அடுப்படிக்குள்ள இழுத்துட்டுப் போய்ச் சொன்னேன். அண்ணன் வரணும்லா, அப்பாவுக்கு மூத்தவன்தான கொள்ளி வைக்கணும்னாவ. மாமா வேண்டாம்னு சொன்னாவன்னேன். சாகப் போறவங்க ஆயிரம் சொல்லுவாங்க சொர்ணம்னாவ, அதுக்கும் மூக்குல கைக்குட்டை. மைனி பின்னாலயே வந்து நின்னுக்கிட்டு, ஏன், எங்க அண்ணன் அவ்வளவு தூரத்துலருந்து வாரது ஒனக்குப் பொறுக்கலையா, நீ யாரு அதைச் சொல்லதுக்குன்னு கேட்டுச்சு. நான் யாரு. அதான. மூணு பேராத் தூக்கி உள்ள வைக்கும்போது பெட்டியிலருந்து குபுகுபுன்னு ஒரு வெள்ளைப் புகை வந்துச்சு. மாமாவோட கறுத்த ரெண்டு வெரலையும் அது முதல்ல மூடுச்சு. எனக்கு அழுகை வரல. இவ்வளவு பேரு மேலயும் ஒரு கொமட்டல்தான் வந்துச்சு, இன்னும் அடங்கல.

ஏழாயிரத்து ஐந்நூறாம். அண்ணாச்சிக்கு வேர்க்குது, பெருமையில. இப்ப கடலுக்கு மேல போவுதாம், உசரம் சொல்லுதாவ, வேகம் சொல்லுதாவ, ஏதோ இவியளே ஓட்டிக்கிட்டு வார மாதிரி. கனடா மச்சான் சன்னல் சீட்டா இருக்கும்னு ஒருத்தன் சொல்லுதான். அதுக்கு ரெண்டு பேரு தலையாட்டுதானுவ. போன்ல சிவப்புக் காட்டிட்டாம். சார்ஜர், சார்ஜர்னு தேடுதாவ. இந்த முன்ரூம்ல வேலை செய்யுத பிளக்கு ஒண்ணே ஒண்ணு, அதுல எக்ஸ்டென்சன் பாக்ஸ் ஒண்ணு கோத்துக் கெடக்கு, அதுல மூணு ஓட்டை. ஃபேன் ஒண்ணு, தேவாரம் பாடுத ஸ்பீக்கர் ஒண்ணு, மாமா பெட்டி ஒண்ணு. அண்ணாச்சி குனியுதாவ, வயிறு இடிக்குது, உர்ருன்னு மூச்சு. ஒண்ணப் புடுங்குனாவ. ஃபேன் சுத்துது. பாட்டும் பாடுது. சார்ஜரச் சொருகிட்டு, போனை நட்டமா சாச்சு வச்சுட்டு, வேட்டியத் தட்டி எந்திரிச்சாவ.

புடுங்குன வயரு தரையில கெடக்கு. வெள்ளை வயரு, தடியானது, மூணு பல்லு. கோலப்பொடியும் பூ எதழும் ஒட்டிக் கெடக்கு. பெட்டியோட உறுமல் நின்னுபோச்சு. நேத்துலருந்து என் மண்டைக்குள்ள உறுமிக்கிட்டு இருந்தது, பல்லுவலி நின்ன மாதிரி நின்னுபோச்சு. வேற யாருக்கும் கேக்கலையா. கேக்கல. பாட்டுச் சத்தத்துல யாருக்குக் கேக்கப்போவுது. பெட்டி ஓரத்துல சிவப்பு வெளக்கு ஒண்ணு எரிஞ்சது, அதும் இல்ல. சொல்லணும். அண்ணாச்சி, அந்த வயரு அதில்லன்னு சொல்லணும், அவ்வளவுதான், நாலு வார்த்தை. வாயத் தொறந்தேன். அந்நேரம் மைனி என்னப் பாத்து, சொர்ணம், சும்மா குத்துக்கல்லா உக்காந்துருக்கியே, வந்தவியளுக்குக் காப்பி போட்டியான்னுச்சு. மூடிக்கிட்டேன். எந்திரிச்சுப் போய்க் காப்பி போட்டேன். டம்ளருல்லாம் பாதி பாதி குடிச்சு வச்சு, ஆடை கட்டி, ஒண்ணுல ஒரு ஈ செத்துக் கெடக்கு, ஒண்ணுல எவனோ பாக்கத் துப்பி வச்சிருக்கான். கழுவுதேன். கழுவுதேன், மனசு பூரா அந்த வயர்லயே நிக்கி. இப்ப போய்ச் சொருகிட்டா ஒண்ணுமில்ல. செத்த நேரந்தான் ஆயிருக்கு. சொருகலேன்னா. சொருகலேன்னா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும், இந்த வீட்டுலயே எனக்குத்தான் நல்லாத் தெரியும். நாறும். மாமாவ நாற விடலாமா. வாரத்துக்கு ரெண்டு நாள் தலைக்கு ஊத்தி, சந்தனப் பவுடர் போட்டு, கட்டில்ல ஒரு வாடை இல்லாம வச்சிருந்தேனே, இத்தனை பேரு மூக்கப் பொத்துத மாதிரி விடலாமா. சீ, நான் என்ன ஜென்மம். ஆனா நாறுனாத்தான எடுப்பாவ. நல்ல வார்த்தை சொன்னாக் கேக்க மாட்டாவ, மூக்குல ஏறுனாக் கேப்பாவ. சோப்பு வழுக்கி ஒரு டம்ளர் கீழ விழுந்துச்சு. எடுத்து மறுபடியும் கழுவுனேன். யாராவது பாத்துருந்தா. நான் பாத்தத யாராவது பாத்துருந்தா. அஞ்சு வருஷம் பாத்தவ கடைசியில பொணத்த அழுக விட்டான்னு தெருவுல பேசுவாளுவ. பேசட்டும். எந்தப் பேச்சு எனக்குப் புதுசு. மாமா மட்டும் என்ன நெனப்பாவ. செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிடுவாவளா.

காப்பிய எடுத்துட்டு வந்தேன். கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருக்கு. பொடிப் பொடியாத் தண்ணி. ஒரு சொட்டு சேந்து பைய எறங்கி மாமா நெத்தித் திருநீத்துல விழுந்துச்சு. ஒருத்தரும் மாமாவப் பாக்கல. எல்லாரும் செவுத்தோரம் சாச்சு வச்ச போனைச் சுத்தி உக்காந்துருக்காவ, தரையில கெடக்க வயருக்கு ஒரு சாண் தள்ளி. இப்பம் எந்த ஊருக்கு மேலன்னு சின்ன மாமா கேக்காவ, மாமாவோட தம்பி, எழுவத்தஞ்சு வயசு, கண்ணாடி இல்லாம போனும் தெரியாது வயரும் தெரியாது. ஏதோ மலைக்கு மேலன்னு அண்ணாச்சி சொல்லுதாவ. வந்ததுல எவனுக்கும் அந்த மலை பேரு வாய்ல நொழையல. ரெண்டு தடவ சொல்லிப் பாத்துச் சிரிக்கானுவ. எழவு வீட்டுல சிரிப்பு. வெளிய தகரப் பந்தல் கொதிக்கு, மத்தியான வெயில் அப்படியே உள்ள வந்து எறங்குது, மாலையில ரோசாப்பூ வெந்து ஒரு வாடை, ஊதுவத்தி ஒரு வாடை, பரோட்டாச் சால்னா வாடை, அக்குள் வாடை. அதுக்கெல்லாம் அடியில, பைய, எனக்கு மட்டும், அந்த இனிச்ச வாடை. வந்துட்டு. மாமா, வந்துட்டு மாமா. காப்பித் தட்ட ஒவ்வொருத்தருக்கா நீட்டுதேன். எனக்கு ஓங்கரிக்கல. ஒரு கிராம்பு வேணும்னு தோணல.

எவ்வளவு நேரமோ. பாட்டு முடிஞ்சு மறுபடியும் முதல்லருந்து பாடுச்சு, அதும் முடிஞ்சுது. நடுவுல ஒரு தடவ கரண்டு போய்ட்டு வந்துச்சு, வெயிலும் மேற்க சாஞ்சுட்டு. முதல்ல ஈ வந்துச்சு. ஒண்ணு, பொறவு நாலஞ்சு, கண்ணாடி ஓரத்து ரப்பர்லயே நடக்குது. பொறவு இவிய எந்திரிச்சு வெளிய போனாவ, கைக்குட்டையோட. எந்த நாத்தத்துக்கும் முதல் ஆளு அவியதான். மைனி மூக்கச் சுளிச்சுக்கிட்டு, கொல்லையில என்ன கெடக்குன்னு எங்கிட்டக் கேட்டுச்சு. கொல்ல சுத்தமாத்தான் கெடக்கு மைனின்னேன். ஒவ்வொருத்தியா முந்தானைய மூக்குக்குக் கொண்டு போறாளுவ. மாமா பேருக்கு அழுதவ, கனடா பேருக்கு அழுதவ, எல்லா முந்தானையும் மேல ஏறுது. எனக்கு அவளுவளப் பாத்துத்தான் அருவருப்பா இருந்துச்சு. சின்ன மாமாதான் பெட்டிகிட்ட வந்து கண்ணாடியில கைய வச்சாவ. எடுத்தாவ. மறுபடி வச்சாவ.

"ஏல ஞானவேலு, பெட்டி ஓடலையேல."

அண்ணாச்சி போனைப் பாத்தாவ. சார்ஜரப் பாத்தாவ. தரையப் பாத்தாவ. அவிய மொகத்துல இருந்த ரத்தம் பூரா எங்க போச்சுன்னு தெரியல. பொறவு என்னைப் பாத்தாவ. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்னு அவியளுக்குத் தெரிஞ்சுட்டு. பெரியத்தான் வந்து கேட்டா, அப்பாவ அழுக வச்சது யாருன்னு கேட்டா, இந்த மனுசன் எங்க போய் மூஞ்சிய வைப்பாவ. எனக்கு ஒரு நிமிசம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. சீன்னு ஆயிட்டு பொறவு. வந்து நானே குனிஞ்சு வயர எடுத்தேன், ஒட்டுன பூவத் தட்டினேன்.

"கரண்டு போய்ட்டு வந்துச்சுல்ல சின்ன மாமா, அதுல பெட்டி நின்னுருக்கும். அண்ணாச்சி இப்பத்தான் புடுங்கிச் சொருகிப் பாக்கலாம்னு எடுத்தாவ. ஓடல."

"ஆமா, ஓடல," அண்ணாச்சி சொன்னாவ.

"வேற பெட்டி கொண்டாரச் சொல்லுங்க," மைனி முந்தானைக்குள்ளருந்து சொல்லுச்சு.

"இனி எந்தப் பெட்டியில வச்சு என்னட்டி செய்ய. மூக்கு இல்லையா ஒனக்கு." சின்ன மாமா வாசல்ல நின்ன இவியளப் பாத்துச் சத்தம் குடுத்தாவ. "சுயம்பு, உள்ள வா. பொழுது அடையதுக்குள்ள எடுத்துருவோம். குளிப்பாட்டத் தண்ணி எடுக்கணும், வேட்டிய மாத்து."

இவிய நெலையில வந்து நின்னாவ, அதே எடத்துல. "அண்ணன் வரட்டுமே சித்தப்பா. ஒரு வார்த்த கேட்டுட்டு."

"ஆகாசத்துல போறவங்கிட்ட எப்படிலே கேக்க. உங்க அண்ணன் வார தூரத்துக்கு இந்த ஒடம்பு தாங்காது. நீ வைலே கொள்ளிய. கூட இருந்து பாத்தவன் வைக்கட்டும்."

பாத்தவன். இவிய என்னைப் பாத்தாவ. நான் கைய நீட்டுனேன். எதுக்குன்னு அவியளுக்குப் புரியல, பொறவு புரிஞ்சு கைக்குட்டைய என் கையில குடுத்துட்டு உள்ள வந்தாவ. அழுக்குக் கைக்குட்டை, ஈரம். மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டேன். பெட்டி மூடியத் தொறந்தாவ. எல்லாரும் ஒரு எட்டு பின்னால போனாவ. இவிய மட்டும் நின்னாவ, கண்ணுல தண்ணி வடிய, தொண்டைக்குழி ஏறி எறங்க, ஆனா நின்னாவ. நான் கால்மாட்டுக்குப் போனேன். துணிய வெலக்கி மாமா கால ரெண்டு கையாலயும் புடிச்சேன். காலையில மூடியத் தொறந்து மாலை போடும்போது இதே காலத் தொட்டேன், இரும்பு மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு. இப்ப ஜில்லுன்னு இல்ல. அந்தக் கறுத்த வெரல் ரெண்டும், உணர்ச்சி செத்து அம்பது வருஷமான வெரல், வெதுவெதுன்னு இருந்துச்சு, எண்ணெய் தேச்சு முடிச்ச பொறவு இருக்குமே, அந்த அளவுக்கு. செவுத்தோரம் போன்ல அந்தப் பொடி விமானம் எங்கயோ ஊந்துக்கிட்டு இருக்கு, யாரும் எவ்வளவு தூரம்னு கேக்கல. நான் வெளக்கெண்ணெய் எடுத்துட்டு வரதுக்கு அடுப்படிக்குப் போனேன்.